முன் தகடு

1

வன்னியில் எங்கள் தர்மபுரத்துத் தேத்தண்ணிக் கடைகளில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுவதாகக் கேள்விப்பட்டேன். நான் ஜேர்மனியில் ஷெல் குண்டு செய்கிற இடத்தில் வேலையாம். செய்ததை நானே அடித்துப் பார்க்கிறேனாம். அடித்ததைப் படம் பிடிக்கிறேனாம். இதில் படம் பிடிப்பது ஒன்றுதான் உண்மை. அதுவும் உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டும் பிடிக்கிற படம். அந்த இடத்தில் உங்கள் ஊர்க்காரன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான் என்பதற்காக நீங்கள் தோரணம் கட்ட வேண்டாம். ஷெல்காரன் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கதை கடை வாங்குப்பலகையோடு நின்றிருந்தால் நான் பேனை எடுத்திருக்க மாட்டேன். அது புறப்பட்டதே என் தங்கை தவமணியின் வீட்டிலிருந்துதான். ஆவணியில் அவளுடைய மகள் மதுராவுக்குக் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, தாரை வார்த்து, பிள்ளையின் கையை மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டியவன் தாய்மாமனாகிய நான். விமான ரிக்கெற் எடுத்தாயிற்று. என் மனுசி தனக்குப் பட்டுச்சீலையும் எடுத்தாயிற்று. அப்போதுதான் தவமணியின் குரல் கைத்தொலைபேசியில் வந்து விழுந்தது.

"அண்ணை, கலியாணத்துக்கு வாறதெண்டால் வாங்கோ. வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. ஆனால் தாரை வார்க்க வேண்டாம். வெடி வைக்கிற கையால என்ர பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக் குடுக்க நான் விடமாட்டன்."

நான் அதைக் கேட்டது வேலைத்தலத்தில், தடித்த கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டு நின்றபோது. துணி கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. கையை எடுக்க மறந்துவிட்டேன்.

2

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் அதைக் கைவிட்டேன் என்றுதான் ஐயா சொல்லுவார். ஐயா வடமராட்சியிலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பித் தர்மபுரத்தில் காடு வெட்டி வயலாக்கிய ஆள். நான் அவரையும் மிஞ்சினவன். அவர் வெட்டியது தெரிந்த காடு. நான் வந்து இறங்கியது தெரியாத காடு. வரும்போது என்னிடம் இருந்தவை ஒரு காற்சட்டையும் ஒரு வாயும். காற்சட்டை கிழிந்துபோனது. வாய் இன்னும் நன்றாக இருக்கிறது.

கோப்பை கழுவினேன். இறைச்சித் தொழிற்சாலையில் குளிர் அறைக்குள் நின்றேன். பிறகு கட்டடங்கள் துடைக்கிற கொம்பனி ஒன்றில் சேர்ந்தேன். இந்த நகரத்தில் சொந்தமாக மாடிவீடு வாங்கிய முதல் தமிழன் நான்தான். சந்தேகம் இருந்தால் வந்து கேட்டுப் பாருங்கள். துடைக்கப் போன இடங்களில் ஒன்றுதான் இந்த ஆய்வுகூடம். போன கொஞ்ச நாளில், கொம்பனியை விட்டுத் தங்களிடமே வந்துவிடும்படி அவர்கள் கேட்டார்கள். கேட்டார்கள் என்று எழுதுகிறேன், கவனியுங்கள். நான் போய்க் கேட்கவில்லை.

என் வேலை கண்ணாடி. இரும்பால் செய்த ஒரு பெரிய வயிறு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் தடித்த கண்ணாடி யன்னல்கள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அந்த வயிற்றுக்குள் கரியும் உலோகத் தூளும் படிந்து, யன்னல் எங்கள் ஊர்க் குசினிப் புகைக்கூடு மாதிரி ஆகிவிடும். நான் உள்ளே புகுந்து துடைத்து, அடுத்த தகடுகளைத் திருகாணியால் முடுக்கி, யன்னலைத் தண்ணீர்போல ஆக்கிவிட்டு வெளியே வருவேன். அறிவாளிகள் அறிவை வைத்திருக்கிறார்கள். கமரா கமராவாக இருக்கிறது. என் துணி படாவிட்டால் இரண்டும் குருடு.

முதல் நாள் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சுடுவதற்கு முன் ஆய்வுகூடத்துத் தலைவி ஹைகே உரத்த குரலில் "அவ்ஃப்நாமே!" என்றாள். அகதியாக வந்த காலத்தில் என்னை வைத்திருந்த முகாமின் வாசலில் பெரிதாக எழுதியிருந்த சொல் அது. ஆளை உள்ளே ஏற்றுக்கொள்வது என்று பொருள். என்னையறியாமல் கை சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. ஹைகே பார்த்துவிட்டுச் சிரித்தாள். படம் எடுப்பதற்கும் அவர்களிடம் அதே சொல்தானாம். ஆளை ஏற்றுக்கொள்வதற்கும் ஆளைப் படம் பிடிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் நான் முப்பது வருசத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டேன்.

என் பங்குக்கு நானும் அந்த மொழியைப் பழிவாங்கியிருக்கிறேன். கடவுச்சீட்டு மாற்றப் போன இடத்தில் என்ன தொழில் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சொற்களைக் கவனமாக அடுக்கி, "நான் சுடுகிறேன். பிறகு துடைக்கிறேன்" என்றேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் என்னை இன்னொரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூன்றாவது ஆள் இருந்தார். கடைசியில் ஹைகே தொலைபேசியில் வந்துதான் என்னை மீட்டாள்.

அன்றைக்கு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதே பிழையை என் சொந்த மொழியிலேயே, என் சொந்தத் தங்கையிடம் செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

3

நாங்கள் சுடுவது என்ன என்று முதலில் விளங்கப்படுத்துகிறேன்.

பூமிக்கு மேலே செய்மதிகள் சுற்றுகின்றன. உங்கள் கைத்தொலைபேசி வழி காட்டுவதற்கும் மழை அறிவித்தலுக்கும் அவைதான் காரணம். அவற்றோடு சேர்ந்து பழைய செய்மதிகளின் உடைசல்களும் சுற்றுகின்றன. ஆணி, தகரம், பூச்சுச் செதில். துவக்கால் சுடுகிற சன்னத்தை விடப் பல மடங்கு வேகத்தில் அவை ஓடுவதால், ஒரு சின்னத் துண்டு பட்டாலும் செய்மதி முடிந்தது. அதற்குக் குடை பிடிப்பது எப்படி என்று பார்க்கிறதுதான் எங்கள் வேலை. நீண்ட குழல் ஒன்றின் பின்பக்கம் கொஞ்சம் வெடிமருந்து. அது ஒரு தண்டைத் தள்ளும். தண்டு வாயுவை நெரிக்கும். நெரிபட்ட வாயு பயறளவான அலுமினியக் குண்டு ஒன்றைக் காற்றில்லாத அந்த வயிற்றுக்குள் எறியும். அங்கே நான் முடுக்கிவிட்ட தகடு அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

குண்டு தகட்டில் படுகிற இடத்தில் பெரிய வெளிச்சம் ஒன்று பிறக்கும். சாதாரணக் கமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வேறு ஒன்றையும் பார்க்காது. அதனால் எங்கள் கமராவின் முன்னால் ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடுகிற கண்ணாடி. எதிர்ப்பக்கத்து யன்னலில் அதே நிறத்தில் லேசர் வெளிச்சம். ஆகவே கமரா நெருப்பைக் காண்பதில்லை. நிழலைத்தான் காண்கிறது. எனக்கு இதை ஹைகே ஒரு மத்தியானம் முழுக்க இருந்து சொல்லித் தந்தாள். அவள் பொறுமைசாலி. நானும் கெட்டிக்காரன்.

சுடும்போது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்குக் காலடியில் ஒரு இடி கேட்கும். அவ்வளவுதான். எல்லாம் முடிந்துவிடும். இமை ஒருதரம் மூடித் திறக்கிற நேரம் அந்தக் காரியத்துக்கு ஒரு யுகம்.

பிறகு படத்தை ஓடவிடுவார்கள்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி வரும். அவசரமே இல்லாமல், கோயில் வீதியில் தேர் வருகிறதுபோல வரும். தகட்டுக்குக் கிட்ட வந்ததும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். பிறகு தகடு இளகும். இரும்பு அறுக்கிற வாளுக்கும் அசையாத உலோகம், கல்மடுக் குளத்தில் கல்லுப் போட்டால் தண்ணீர் எழும்புகிறதுபோல உதடு உதடாக எழும்பி வெளிப்பக்கம் வளையும். மற்றப் பக்கத்தில் ஒரு புகை மொட்டுக் கட்டும். மொட்டு விரியும். அதன் தோல் முழுக்க மணல்போலக் கறுப்புத் தூள். அது விரிந்துகொண்டே போகும். சத்தம் இல்லை. காற்று இல்லை. விழுவதற்கு நிலம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு என் கைகால் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

அந்தப் படங்கள் என் மண்டைக்குள் குடியேறிவிட்டன. காலையில் ரயிலில் போகிறேன். பைன் மரங்களுக்கு நடுவே பனிப்புகார் படுத்திருக்கிறது. பக்கத்துக் கதிரைக்காரி கோப்பிக்குள் பால் விடுகிறாள். பால் கீழே போய், திரும்பி, வெள்ளைப் பூவாக மேலே வருகிறது. நான் அதற்குள்ளே போய்விடுகிறேன். கண்ணை மூடினால் மாரி மழை இரணைமடுக் குளத்தின் மேலே வந்துவிட்டு, விழாமல் நிற்கிறது. ஒவ்வொரு துளியும் தன் தன் இடத்தில். நான் துளிகளுக்கு நடுவே தலை நனையாமல் நடந்துபோகிறேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. போவது மட்டும் சுகமாக இருக்கும். இறங்க வேண்டிய தரிப்பிடத்தை இப்படிப் பலமுறை விட்டிருக்கிறேன்.

இந்த அழகை என்னுடைய ஆட்களுக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது?

4

ஆய்வுகூடத்தை ஊர்ச்சனம் வந்து பார்க்கிற நாள் ஒன்று வருசத்தில் வரும். அதற்காக ஹைகே ஒரு சின்னப் படத்துண்டு செய்திருந்தாள். குண்டு வரும், தகடு இளகும், பூ விரியும், அதோடு முடியும். அதை நான் தவமணிக்கு அனுப்பினேன். சும்மா அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. குரலையும் சேர்த்து அனுப்பினேன்.

"தங்கச்சி, பார், அண்ணன் வைச்ச வெடி! பீஸ் பறக்கிற வடிவைப் பார், என்ன அழகு!"

நான் ஊரை விட்டு வந்த காலத்தில் பீஸ் என்றால் சட்டைத் துணிப் பீஸ். தைப்பொங்கலுக்கு ஐயா வாங்கி வருவது. அதற்குப் பிறகு அங்கே அந்தச் சொல் உடம்புக்குள் ஏறிய ஷெல் துண்டுக்குப் பேராகிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொலைபேசியில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்: இன்னாருக்குக் காலில் பீஸ், இன்னாருக்குத் தலையில் பீஸ், எடுக்கேலாதாம். தவமணிக்கே இடது தோள்மூட்டுக்குப் பின்னால் ஒன்று கிடக்கிறது. மாரி காலத்தில் அது உளைகிறதாம். வவுனியாவில் ஸ்கான் எடுக்கப் போன இடத்தில், உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று தாதி கேட்க, "எங்கட பக்கத்தில ஆரிட்டப் பிள்ளை இல்லை?" என்று இவள் கேட்டாளாம். அந்தக் கதையை என்னிடம் சொல்லிச் சிரித்தவளும் அவள்தான். ஆனாலும் வாயில் வந்தது பழைய சொல். சந்தோசத்தில் பேசுகிறவனுக்கு அவன் சின்ன வயதில் பேசிய மொழிதான் முதலில் வரும்.

அவள் புருசன் சிவபாலன், என் மச்சான், போரின் கடைசி நாட்களில் புதுக்குடியிருப்புக்கு அப்பால் கடற்கரை மணலில் செத்தவர். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மதுராவுக்கு அப்போது நாலு வயது.

தாரை வார்க்க வேண்டாம் என்ற குரல் வந்த அன்று பின்னேரம் நான் தவமணியை அழைத்தேன்.

"தங்கச்சி, அது ஷெல் இல்லையடி. நான் சொல்லுறதைக் கேள்."

"குழல் இருக்கா?"

"இருக்கு."

"மருந்து போடுறனீங்களா?"

"கொஞ்சம் போடுறது. பிறகு வாயுதான்…"

"பீஸ் பறக்குதா?"

"பறக்குது. ஆனால் அது…"

"பிறகென்ன அண்ணை? ஜேர்மன் பேர் வைச்சால் அது வேறயே?"

"உது செய்மதிக்கு. ஆருக்கும் அடிக்கிறதுக்கு இல்லை."

"அப்ப என்னத்துக்கு அதைப் பாத்து வடிவெண்டு சொன்னனீங்கள்?"

எனக்கு வாயில்லாமல் போனது என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அது ஒன்று.

"கேளுங்கோ," என்றாள், குரலை இறக்கி. "எனக்கு உங்களில கோவம் இல்லை. நீங்கள் எங்களுக்குச் செய்ததை நான் மறக்கேல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பாத்த நேரம் தொடக்கம் என்ர தோள் தானாய்த் துடிக்குது. அந்தக் கையை நான் மணவறைக்குக் கிட்ட விடேலாது. அவ்வளவுதான்."

மனுசி புவனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு எந்த நாளும் பாதியைக் காட்டிப் பெருமை அடிக்கிற வேலை," என்றாள். அவள் எதை நினைத்துச் சொன்னாளோ தெரியாது. ஆனால் சரியான இடத்தில்தான் அடித்தாள்.

5

என் மகன் அருண் வேறு நகரத்தில் இருக்கிறான். பெரிய படிப்பு. நான் படிக்காததற்கும் சேர்த்துப் படித்தவன். தமிழ் பேசுவான், ஆனால் வெறுங்காலோடு சல்லிக்கல்லில் நடக்கிறவன்போலப் பேசுவான். மாதத்தில் ஒருதரம் வருவான், சாப்பிடுவான், தொலைபேசியைப் பார்ப்பான், போவான். மனிதர்கள் போகிற வேகத்துக்கு எங்களிடம் கமரா இல்லை. ஒருநாள் பிள்ளை மடியில் இருக்கிறது. அடுத்த படத்தில் கதவடியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நடுவில் வந்த படங்களை யார் எடுத்தது?

தாய் சொல்லியோ, தானாகவோ, அவன் தவமணி மாமிக்கு ஒரு குரல் அனுப்பியிருக்கிறான். "மாமி, அப்பா கெட்டவர் இல்லை. அவர் குப்பையைச் சுடுறார்." விண்வெளி உடைசலுக்கு ஜேர்மன் மொழியில் குப்பை என்ற பொருளில்தான் சொல். அதை அப்படியே தமிழுக்குப் பிரட்டிப் போட்டிருக்கிறான்.

தவமணியின் பதில் உடனே வந்ததாம். "ராசா, குப்பையைச் சுடத் தேவையில்லை. கூட்டி அள்ளச் சொல்லு உன்ர அப்பாவை."

அருண் இதை எனக்குச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். நீண்ட காலத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே தமிழ்ப் பகிடிக்குச் சிரித்தோம். பிறகு அவன் கேட்டான்.

"பப்பா, நீங்கள் அனுப்பின படம் ஏன் தூள் விரியுற இடத்தில முடியுது?"

"அங்கதானே வடிவு."

"அதுக்குப் பிறகு என்ன நடக்கும்?"

"பின் சுவர்."

"அப்ப ஏன் மாமி அதைப் பாக்கேல்லை?"

நான் உங்களுக்கும் அதைச் சொல்லவில்லை. நாங்கள் ஒரு தகடு வைப்பதில்லை, இரண்டு வைக்கிறோம். முன்னால் மெல்லிய தகடு. இடைவெளி விட்டுப் பின்னால் சுவர். அந்தச் சுவர்தான் செய்மதியின் உடம்பு. முன் தகடு குண்டை வாங்கித் தூளாக்கிவிடும். தூள் இடைவெளியில் பரந்து, பலம் கெட்டு, சுவரில் வந்து படியும். முன் தகட்டில் ஓட்டை. சுவரில் புள்ளியும் கரியும் மட்டும். அந்த இடைவெளியும் அந்த மெல்லிய தகடும்தான் முழுக் குடை. நான் அனுப்பிய துண்டில் முன் தகடு உடைவது மட்டும்தான் இருந்தது. எதற்காக உடைகிறது என்பது இல்லை.

6

முழுப் படத்தைக் கேட்டு ஹைகேயிடம் போனேன். படம் பழையது, ஒளிக்க ஒன்றுமில்லை, ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும் என்றாள். இந்த நாட்டில் தும்முவதற்கும் எழுத்தில் கேட்க வேண்டும். மேலிடத்துக்கு எழுத அவளே உட்கார்ந்தாள்.

"என்ன தேவைக்கு என்று கேட்டிருக்கிறார்கள். என்ன எழுத?"

"கலியாணம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் விளங்கப்படுத்தினேன். தங்கை, தோள், தாரை, எல்லாம். தாரை என்பதற்கு ஜேர்மனில் சொல் இல்லை. தண்ணீர் ஊற்றிப் பிள்ளையைக் கொடுப்பது என்றேன். அவள் கலியாணம் என்றே எழுதினாள். மேலிடத்திலிருந்து வாழ்த்தோடு அனுமதி வந்தது.

இந்த முறை குரல் சேர்க்கவில்லை. படத்தை மட்டும் அனுப்பினேன். பதில் இல்லை. நாட்கள் போயின. நான் கண்ணாடி துடைத்தேன். ரயிலில் போனேன், வந்தேன். கோப்பிக்குள் விட்ட பால் வெறும் பாலாகவே இருந்தது.

ஒரு ஞாயிறு காலை தவமணி வீடியோ அழைப்பில் முகத்தோடு வந்தாள். தர்மபுரத்து வெயில் அவளுக்குப் பின்னால் அடித்ததால் முகம் நிழலாகத்தான் தெரிந்தது.

"அண்ணை, பின்னுக்கு நிக்கிறது என்ன?"

"சுவர்."

"அதில ஓட்டை விழேல்லையே?"

"இல்லை. தூசி பட்டிருக்கு. கொஞ்சம் உள்ளுக்கு நசிஞ்சிருக்கு. ஓட்டை இல்லை."

"முன்னுக்கு நிண்டது?"

"அது போயிட்டுது, தங்கச்சி. அது போறதுக்குத்தான் வைக்கிறது."

அவளுக்குப் பின்னால் எங்கோ உழவு மெசின் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது தேய்ந்து மறையும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவர் தண்ணி எடுக்கப் போகேல்லை அண்ணை," என்றாள்.

நான் கதிரையில் நிமிர்ந்தேன்.

"நாங்கள் பங்கர்க் குழிக்குள்ள இருந்தம். கடற்கரை மண், ஆழமாய் வெட்டேலாது. உள்ளுக்கு இடம் இருந்தது. அவர் வாசல்ல, எங்களுக்கு முகத்தைக் காட்டி, முதுகை வெளியில காட்டிக்கொண்டு இருந்தவர். விழுந்தது வெளியில. அவரில எல்லாம். எனக்குத் தோளில இது ஒண்டு. மடியில இருந்த பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. மண்தான் பட்டது."

"ஏனடி இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால் அவள் அதைத் தூக்கிக்கொண்டெல்லோ திரிவாள்? அப்பா என்னாலதான் போனவர் எண்டு நினைக்கமாட்டாளே? தண்ணிக்குப் போனவர் எண்டால் ஆரிலயும் பிழை இல்லை." அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கும் விளங்கேல்லை அண்ணை, அது எப்பிடி நடந்ததெண்டு. அவ்வளவு பேர் போன இடத்தில அவள் எப்பிடித் தப்பினவள் எண்டு. உந்தப் படத்தைப் பாத்துத்தான் எனக்குப் பிடிபட்டது."

நான் அந்தக் காலத்தில் இங்கே பனிக்குள் நின்று தொலைபேசியை அழுத்திக்கொண்டிருந்தவன்.

"வாங்கோ," என்றாள். "படத்தையும் கொண்டு வாங்கோ. பிள்ளைக்குக் காட்டுவம். அவள் எல்லாத்தையும் கேட்டுப்போட்டுச் சொல்லட்டும், ஆர் தாரை வார்க்கிறதெண்டு. நான் இனி நடுவில நிக்கேல்லை."

7

போனோம். அருணும் வந்தான், கேட்காமலே.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். பந்தல் போடுகிற பொடியள் சாப்பிடப் போயிருந்தார்கள். புவனா குசினியில் பலகாரத்தோடு இருந்தாள். மதுரா புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். வாய் நிறையக் கேள்வி. மருதாணி காயாத கைகளை விரித்து வைத்துக்கொண்டு எனக்கும் தவமணிக்கும் நடுவே பாயில் இருந்தாள். தவமணி எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்கும் சொன்னாள். எங்கும் நிற்கவில்லை. அழவும் இல்லை. நிறுத்தினால் பிறகு சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுங்கோ மாமா," என்றாள் பிறகு.

நான் தொலைபேசியை அவள் முன்னால் பிடித்தேன். வெளியே வெயில் நெளிந்துகொண்டிருந்தது. பந்தல் துணி காற்றில் ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டிருந்தது. புள்ளி வந்தது. முன் தகடு இளகியது. பூ விரிந்தது. அது அந்த இடைவெளியைக் கடந்தது. தூள் போய்ச் சுவரில் படிந்தது. சுவர் நின்றது.

"இன்னொருக்கா."

திரும்பவும் காட்டினேன்.

"மாமா, இது உண்மையில எவ்வளவு நேரம்?"

"நேரமே இல்லைப் பிள்ளை. கண் வெட்டுறது இதுக்குப் பக்கத்தில பெரிய நேரம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் படிப்பிக்கிறவளின் முகம். எங்கேயோ ஒரு வரி பொருந்தவில்லை.

"அப்ப அப்பா எப்பிடி யோசிச்சவர்? அவ்வளவு நேரத்துக்குள்ள எங்களுக்கு முன்னுக்கு வந்து நிக்கவேணுமெண்டு எப்பிடி யோசிச்சவர்?"

நான் தவமணியைப் பார்த்தேன்.

"அவர் யோசிச்சு வரேல்லையம்மா," என்றாள் தவமணி. "காலமை தொடக்கம் அங்கதான் இருந்தவர். அதுக்கு முதல் நாளும் அப்பிடித்தான். அதுக்கு முதல் இருந்த பங்கரிலயும் அவர்தான் வாசல்ல. அது அவரின்ர இடம். நான் ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ எண்டனான். உள்ளுக்கு வெக்கையாம்."

மதுரா சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடாமலே கண் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்கி, மருதாணியைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தாயின் தோளில் தேய்த்தாள். இடது தோள். தவமணி அதை விலக்கவில்லை.

பந்தல்காரப் பொடியள் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. பிள்ளை நிமிர்ந்தாள்.

"மாமா, இண்டைக்கு அருண் மச்சானோட முழிச்சிருந்து கதைச்சுக்கொண்டிருக்காதேங்கோ," என்றாள். "நாளைக்கு வெள்ளன முகூர்த்தம். தாரை வார்க்கிற ஆள் நித்திரையில கிடக்கேலாது."